போகும்போது பாரம், வரும்போது காலி

பிக்கப் வாங்கப் போகிறவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை டன் ஏத்தலாம்?" நான் திருப்பிக் கேட்பது: "திரும்பி வரும்போது வண்டியில என்ன இருக்கும்?" அநேகமாகச் சிரித்துவிடுவார்கள். என்ன இருக்கும்? இரண்டு மண்வெட்டி, ஒரு தார்பாய், நாலு காலிச் சாக்கு. பாரவண்டி என்று நாம் பெயர் வைத்திருப்பது பாதித் தூரம் காலியாக ஓடுகிற வண்டி. பாரத்தை மட்டும் யோசித்து வாங்குகிறவர் மீதிப் பாதித் தூரத்துக்கும் சேர்த்துத்தான் அவதிப்படுவார்.

என் தொழில் தோட்டம் போடுவது. புனேயில் பாணேர், பாலேவாடி, கல்யாணி நகர் அடுக்குமாடிச் சொசைட்டிகளுக்கும் முல்ஷி, லோணாவளாப் பக்கத்துப் பண்ணை வீடுகளுக்கும் செடி, மண், உரம், புல்தரை எல்லாம் கொண்டுபோய்ப் பதித்துக் கொடுக்கிறேன். காலையில் சோலாப்பூர் ரோட்டில் உருளி காஞ்சன் பக்கத்து நர்சரியில் ஏற்றிக்கொண்டு வந்து, மதியம் இறக்கிவிட்டு, சாயங்காலம் அதே வண்டியில் வீட்டுக்கு மளிகையும் வாங்கிப் போகிறவன். தொழிலுக்கு ஒன்று, குடும்பத்துக்கு ஒன்று என்று இரண்டு வண்டி வைத்துக்கொள்ள என்னைப் போன்றவர்களுக்குக் கட்டாது. அதனால் நடுத்தர பிக்கப் ஒன்றே எல்லாமாக இருக்க வேண்டும்.

பிக்கப்பைப் பற்றிப் பேச இந்த ஊருக்குத் தகுதி உண்டு. டெல்கோ என்ற பெயரில் இருந்த காலத்தில் டாடா மோட்டார்ஸ் 1988-ல் கொண்டுவந்த டாடாமொபைல் 206 இங்கே பிம்பிரியில் பிறந்தது. ஆகுர்டியில் பஜாஜ் டெம்போ இருந்தது; அதன் மெட்டடார் ஒரு தலைமுறைக்கே சோறு போட்டது. அந்த நிறுவனத்தின் இன்றைய பெயர் ஃபோர்ஸ் மோட்டார்ஸ். 2005-ல் வந்த டாடா ஏஸை உருவாக்கியதும் புனேயின் பொறியாளர்கள்தான். தமிழ்நாட்டில் அதைக் குட்டி யானை என்கிறோம், இங்கே சோட்டா ஹாத்தி. சாகணில் மஹிந்திராவின் பெரிய ஆலை இருக்கிறது. வண்டிகளைச் சோதித்துச் சான்று கொடுக்கும் ஏ.ஆர்.ஏ.ஐ. வேதாள் குன்றின் மேல் உட்கார்ந்திருக்கிறது. இதனால் நமக்கு என்ன லாபம் என்றால், போசரியிலும் பிம்பிரியிலும் எந்தச் சந்தில் நுழைந்தாலும் டாடா, மஹிந்திரா வண்டியின் பாகத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கழற்றி மாட்டுகிற மெக்கானிக் கிடைப்பார். அன்றாட வண்டிக்கு இதுவும் ஒரு தகுதி. வண்டி ஒருநாள் நின்றால் ஒருநாள் கூலி போச்சு என்கிற தொழிலில், பாகம் எங்கிருந்து வரும், எத்தனை நாளில் வரும் என்பதை விலைக்கு முன்னால் கேட்க வேண்டும்.

முதலில் பாரக் கணக்கு. மகாராஷ்டிரத்தில் மணலும் மண்ணும் 'ப்ராஸ்' அளவில் விற்கும். ஒரு ப்ராஸ் 100 கன அடி. வாடிக்கையாளர் சர்வசாதாரணமாகச் சொல்வார்: "அண்ணா, அரை ப்ராஸ் மணல்தானே, உங்க வண்டியிலேயே போட்டுக்கொண்டு வந்துடுங்க." அரை ப்ராஸ் என்பது 50 கன அடி, ஏறக்குறைய 1.4 கன மீட்டர். காய்ந்த மணல் கன மீட்டருக்குச் சுமார் 1.6 டன். பெருக்கினால் இரண்டேகால் டன். ஈர மணலானால் இன்னும் கூடும். சந்தையில் 1.7 டன் என்று விற்கிற பிக்கப்பிலேயே இது ஏறக் கூடாது. ஆனால் கண் ஏமாற்றிவிடும். ஒன்பதடி நீளம், ஐந்தரையடி அகலமுள்ள தொட்டியில் இந்த மணல் ஓர் அடி உயரம்தான் நிற்கும். இன்னும் இடம் இருக்கிறதே என்று தோன்றும். அதிகப் பாரத்துக்கு 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி 20,000 ரூபாய் அபராதம், அதற்கு மேல் கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். ஒரு தடவை பிடிபட்டால் அந்தத் தோட்டத்தின் லாபம் முழுக்க ரோட்டிலேயே போய்விடும்.

இதற்கு நேர் எதிர் தேங்காய் நார்த்தூள். பொள்ளாச்சிப் பக்கமிருந்து வரும் அமுக்கிய கட்டி ஒன்று ஐந்து கிலோ. தண்ணீர் ஊற்றினால் அறுபது எழுபது லிட்டருக்குப் பொங்கும். இதைக் கட்டியாகவே கொண்டுபோய், வேலை நடக்கும் இடத்தில் நனைக்க வேண்டும். செடிகளும் அப்படித்தான். பத்தடி பனை வகைச் செடிகள் நாலைந்தை ஏற்றினால் எடை பெரிதில்லை, இடம்தான் போதாது. பின்கதவைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும். நெடுஞ்சாலைக் காற்றில் ஓலை கருகாமல் இருக்கப் பச்சை நிழல்வலையைச் சுற்றிக் கட்ட வேண்டும். ஆகவே பாரம் இரண்டு வகை: எடையை அடைப்பது, இடத்தை அடைப்பது. உங்கள் தொழிலில் எது அதிகம் என்று தெரியாமல் ஷோரூம் படியேறாதீர்கள். எடையென்றால் ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் இரண்டு எண்களைப் பாருங்கள், காலி எடை, மொத்த எடை. இரண்டையும் கழித்தால் வருவதுதான் உங்களுக்கு உள்ள உரிமை. கூட வரும் ஆட்கள், நீங்கள் போட்ட இரும்புக் கூரைச் சட்டம், தார்பாய், தண்ணீர் டிரம் எல்லாமே அந்தக் கணக்கில்தான் கழியும். இடமென்றால் டேப்பை எடுத்துத் தொட்டியின் உள் அளவை நீங்களே அளந்து கொள்ளுங்கள்.

இனி, காலியாகத் திரும்பி வருகிற வண்டி. ஒன்றே முக்கால் டன்னைத் தாங்கக் கட்டிய பின்பக்க ஸ்பிரிங் பட்டைகளுக்குக் காலித் தொட்டி ஒரு பாரமே இல்லை. அவை வளைந்து கொடுக்காது. புனேயில் ஐம்பதடிக்கு ஒரு வேகத்தடை. ஒவ்வொன்றிலும் வண்டியின் பின்பக்கம் கட்டவிழ்த்த கன்றுக்குட்டி போலத் துள்ளும். பின் இருக்கையில் வயதான அம்மா உட்கார்ந்திருந்தால் வீடு போய்ச் சேருவதற்குள் இடுப்பு பேசும். குடும்பத்தையும் ஏற்றப் போகிறவர்கள் தங்களுக்குத் தேவையானதற்கு மேல் அரை டன் கூடுதலாக வாங்கினால், அந்த அரை டன்னின் விறைப்பைத் தினமும் முதுகில்தான் சுமப்பார்கள். நல்ல பட்டைக் கட்டில் கீழே தடித்த துணைப்பட்டை ஒன்று தனியாக இருக்கும். பாரம் ஏறி மேல்பட்டைகள் தாழ்ந்த பிறகுதான் அது முட்டுக்கொடுக்கும். காலியில் அதற்கும் மேலுள்ளதற்கும் நடுவே விரல் நுழைகிற இடைவெளி தெரிகிறதா என்று குனிந்து பாருங்கள்.

குனிந்தது குனிந்தீர்கள், அப்படியே பின் அச்சுக்கு மேலேயும் பாருங்கள். பல பிக்கப்களில் அச்சையும் சட்டத்தையும் இணைத்து ஒரு மெல்லிய கம்பி போகும். அது லோட் சென்சிங் வால்வின் கம்பி. பாரம் ஏறி வண்டி தாழ்ந்தால் கம்பி நகர்ந்து பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டும். காலியானால் குறைக்கும். காலி வண்டியின் பின்சக்கரத்தில் பிடிமானம் குறைவு. அதில் முழு பிரேக்கும் விழுந்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி பக்கவாட்டில் சுழலும். மழையில் கேட்கவே வேண்டாம். அந்தச் சுழற்சியைத் தடுக்கிற காவல் இந்தக் கம்பி. நம் ஆட்கள் என்ன செய்கிறார்கள்? அதிகப் பாரம் ஏற்ற ஆசைப்பட்டு இரண்டு பட்டை கூடுதலாகச் சொருகுகிறார்கள். இப்போது வண்டி தாழாது. தாழாததால் வால்வு வண்டி காலியாக இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளும். இரண்டு டன் ஏறியிருந்தும் பின் பிரேக் அரைகுறையாகத்தான் பிடிக்கும். பட்டை சேர்த்த வண்டி பாரம் தாங்கும், ஆனால் நிற்காது. பழைய வண்டி பார்க்கப் போனால் நான் முதலில் இந்தக் கம்பியைத்தான் தேடுவேன். வளைந்தோ, இரும்புக் கம்பியால் இழுத்துக் கட்டியோ இருந்தால் மேற்கொண்டு விலை பேச மாட்டேன். புது மாடல்கள் சிலவற்றில் ஏ.பி.எஸ்.ஸோடு இந்த வேலையை மின்னணுவே பார்த்துக்கொள்கிறது. இருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

புனேயில் பிரேக்கைப் பற்றி இவ்வளவு பேசக் காரணம் உண்டு. பெரும்பாலான திசைகளில் வெளியே போனால் ஒரு காட் ரோடு, அதாவது மலைப்பாதை, வரும். மும்பைக்குப் போனால் போர் காட், சாதாராவுக்குப் போனால் கம்பாட்கி, சாஸ்வடுக்கு திவே காட், கொங்கணத்துக்குத் தாம்ஹிணி. ஊருக்குள்ளேயே கட்ராஜ் புதுச் சுரங்கத்திலிருந்து நவலே பாலம் வரை நெடுஞ்சாலை இறங்கிக்கொண்டே வரும். அந்தச் சரிவில் 2022 நவம்பரில் கனரக வண்டி ஒன்று வரிசையாகப் பல வண்டிகளை இடித்துத் தள்ளியதை இந்த ஊரில் யாரும் மறக்கவில்லை. டீசல் மிச்சம் என்று நினைத்து நியூட்ரலில் இறங்குவதுதான் அங்கே பழைய வியாதி. உண்மையில் இன்றைய டீசல் என்ஜின்களில் கியரில் போட்டு ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் டீசல் ஊட்டமே நின்றுவிடும். நியூட்ரலில்தான் என்ஜின் ஓடிக்கொண்டிருக்கக் கொஞ்சம் குடிக்கும். ஏறின கியரிலேயே இறங்கு என்று பழைய லாரி டிரைவர்கள் சொன்னது மிச்சத்துக்கும் சரி, உயிருக்கும் சரி. டெஸ்ட் டிரைவில் ஐம்பது கிலோ மண் சாக்குகள் கொஞ்சம் ஏற்றிக்கொண்டு ஒரு சரிவில் ஏறி இறங்கிப் பாருங்கள். தட்டையான ரோட்டில் காலி வண்டியை ஓட்டினால் ஷோரூமின் சோபா எப்படி என்று மட்டும்தான் தெரியும்.

அடுத்தது நீள அகலம். பிம்பிரியில் சவுண்ட் சர்வீஸ் நடத்தும் நம்ம ஊர்த் தம்பி ஒருவர் வந்து, "அண்ணே, ஹைலக்ஸே எடுத்துடலாமா?" என்று கேட்டார். "உன் சொசைட்டியில பார்க்கிங் கட்டம் எத்தனை நீளம் தம்பி?" என்றேன். டொயோட்டா ஹைலக்ஸின் நீளம் 5.3 மீட்டருக்கு மேல். இங்கே பார்க்கிங் கட்டங்கள் பெரும்பாலும் ஐந்து மீட்டர்தான். மூக்கையோ வாலையோ வழியில் நீட்டி வைத்தால் சொசைட்டிச் செயலாளர் அன்றிரவே வாட்ஸ்அப் குழுவில் போட்டோ போடுவார். அமெரிக்காவில் இந்த அளவு நடுத்தரம். தாய்லாந்தில் வீட்டுக்கு வீடு நிற்கிறது. நம் சதாசிவ் பேட்டைச் சந்துகளில் இது பெரிய வண்டி. நாள் கணக்கில் மாறி மாறி வருகிற பி-1, பி-2 பார்க்கிங் தெருக்களில் இவ்வளவு நீளத்துக்கு இடம் தேடி வட்டமடிப்பதும் ஒரு செலவுதான். மஹிந்திரா பொலேரோ கேம்பர் இரட்டை கேபின் வண்டியாக இருந்தும் ஐந்து மீட்டருக்குள் அடங்கிவிடும். இந்த நீளக் கணக்கை வண்டி வாங்கும் முன்பே பார்த்துவிட வேண்டும்.

ஒற்றை கேபினா, இரட்டை கேபினா? ஒற்றை கேபினில் இரண்டு மூன்று பேர், பின்னால் எட்டிலிருந்து பத்தடித் தொட்டி. ஈசுஸூ வி-கிராஸ், ஹைலக்ஸ் மாதிரியான இரட்டை கேபினில் ஐந்து பேர், தொட்டி ஏறக்குறைய ஐந்தடி. என்னோடு நாலு பேர் வேலைக்கு வருகிறார்கள். அவர்களைத் தொட்டியில் மண் சாக்கின் மேல் உட்கார வைத்துக் கூட்டிப் போவது சட்டவிரோதம், அதைவிட அநியாயம். ஆளை இருக்கையில் உட்கார வைக்க வேண்டுமென்றால் தொட்டி சின்னதாகத்தான் ஆகும். அதனால்தான் நான் இரட்டை கேபின். செடி மட்டும் விற்கும் நர்சரிக்காரர் ஒற்றை கேபின் எடுப்பதே சரி. ஆந்திரத்து ஸ்ரீசிட்டியில் தயாராகும் ஈசுஸூ டி-மேக்ஸ் வி-கிராஸ் 2016-ல் வந்தபோது, பிக்கப்பை வீட்டு வண்டியாகவும் வைத்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் நம் நாட்டில் பலருக்கு வந்தது. அதன் இப்போதைய 1.9 லிட்டர் டீசல் என்ஜின் நீண்ட பயணத்துக்கு அருமை. 2022-ல் ஹைலக்ஸ் அறிமுகமானபோது விலை 33.99 லட்சத்தில் தொடங்கியது. அந்த விலையுள்ள வண்டியின் தொட்டியில் எரு கொட்ட மனம் வருமா என்று முதலில் யோசியுங்கள். மனம் வராதென்றால் அது உங்களுக்கு பிக்கப் இல்லை, நீளமான கார்.

யாரும் கேட்காத ஓர் அளவும் உண்டு, தரையிலிருந்து தொட்டித் தளத்தின் உயரம். எங்கள் நர்சரிகளில் மண் ஏற்றுகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். கமேலா என்கிற இரும்புச் சட்டியைத் தலையில் வைத்துக் கொண்டுவந்து தொட்டியில் கவிழ்ப்பார்கள். பின்கதவைத் திறந்து போட்டால் தளம் அவர்கள் நெஞ்சுக்குக் கீழே இருக்க வேண்டும். உயரமான 4x4 வண்டியில் அது தோளுக்கு வந்துவிடும். கை தூக்கித் தூக்கி மதியத்துக்குள் ஓய்ந்துபோவார்கள், ஏற்றும் நேரமும் நீளும். 4x4 தேவைப்படுவது எங்கே? மழைக்காலத்தில் தௌண்ட், பாராமதிப் பக்கம் கரிசல் நிலத்தில் இறங்கும்போது. அங்கேயும் வண்டி சிக்குவது பெரும்பாலும் காலியாகத் திரும்பும்போதுதான். பின்சக்கரத்தில் எடை இல்லாமல் சும்மா சுற்றும். பின் அச்சுக்கு நேர் மேலே இரண்டு மூன்று மண் மூட்டையை விட்டு வைத்தாலே பாதிச் சிக்கல் தீரும். வருஷத்தில் நாலு நாள் சேற்றுக்காக 4x4-க்குக் கூடுதல் பணமும் கூடுதல் டீசலும் கொடுக்க வேண்டுமா என்பது உங்கள் வயல் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

என்ஜினைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 வந்த பிறகு டீசல் வண்டிகளின் புகைக்குழாயில் கரித்துகளைப் பிடிக்கும் வடிகட்டி ஒன்று இருக்கிறது. சேர்ந்த கரியை எரித்துச் சுத்தம் செய்துகொள்ள அதற்கு நல்ல சூடு வேண்டும். தினமும் இரண்டு கிலோமீட்டர் ஓடி நின்று, மறுபடி இரண்டு கிலோமீட்டர் என்று ஓட்டினால் அந்தச் சூடு ஏறாது, வடிகட்டி அடைத்து விளக்கு எரியும். வாரத்தில் ஒருநாளாவது நெடுஞ்சாலையில் சீராக ஓட வாய்ப்புள்ளவருக்கே டீசல். ஊருக்குள்ளேயே சுற்றுகிறவர் சி.என்.ஜி.யைப் பார்க்கலாம். டாடா இன்ட்ரா வி20 பெட்ரோலும் சி.என்.ஜி.யும் சேர்ந்தே வருகிறது. ஆனால் உங்கள் வழியில் இருக்கும் பம்பில் காலை வரிசை எவ்வளவு நீளம் என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். சின்னப் பாரம், குறிப்பிட்ட வழித்தடம் என்றால் ஏஸ் இ.வி. மாதிரி மின்சார வண்டியும் இன்று கணக்கில் வருகிறது.

காகித விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேல் போகாத சரக்கு வண்டிக்கு மோட்டார் வாகனச் சட்டம் பெர்மிட் கேட்பதில்லை. சாதாரண எல்.எம்.வி. லைசென்ஸ் வைத்திருப்பவர் 7,500 கிலோவுக்குக் கீழுள்ள சரக்கு வண்டியைத் தனி அனுமதி இல்லாமலே ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்புச் சொல்லிவிட்டது. மஞ்சள் போர்டு எடுத்தால் முதல் எட்டு வருஷம் இரண்டாண்டுக்கு ஒருமுறை, பிறகு வருஷாவருஷம் எஃப்.சி. காட்ட வேண்டும். நெடுஞ்சாலைச் சுங்கத்தில் ஏஸ் அளவுச் சின்ன வண்டிக்குக் காரின் கட்டணம், அதற்கு மேலே எல்.சி.வி. கட்டணம். சில சொசைட்டிகளில் மஞ்சள் போர்டு வண்டியை இரவு நிறுத்த விடமாட்டார்கள். வாடகைக்கு ஓட்டும் எண்ணம் இருந்தால் மட்டும் மஞ்சள், இல்லையென்றால் வெள்ளை போர்டில் கிடைக்கும் மாடலைத் தேடுங்கள்.

பழைய வண்டி வாங்குபவருக்கு என் தொழில் சார்ந்த ஒரு எச்சரிக்கை. உரம் ஏற்றிய வண்டியின் தொட்டி உள்ளுக்குள் அரிக்கும். யூரியாவும் எருவும் ஈரத்தோடு சேர்ந்தால் இரும்பை விடாது. ரப்பர் விரிப்பு போட்டிருந்தால் மேலே பளபளப்பாகத் தெரியும். விரிப்பைத் தூக்கச் சொல்லி, முன்மூலைகளையும் பின்கதவின் கீல் ஓரத்தையும் ஸ்க்ரூ டிரைவர் முனையால் தட்டிப் பாருங்கள். டங் என்று கேட்டால் சரி, பொத்தென்று கேட்டால் பெயின்ட்தான் நிற்கிறது. புது வண்டியென்றால் வாரம் ஒருமுறை தொட்டியைக் கழுவி, தண்ணீர் இறங்கும் ஓட்டைகளில் மண் அடைக்காமல் பாருங்கள். டயர் காற்றையும் கவனிக்க வேண்டும். கதவோரத்தில் ஒட்டியிருக்கும் தாளில் பாரத்துக்கு ஒரு அளவும் காலிக்கு ஒரு அளவும் தனித்தனியே போட்டிருக்கும். பார அளவுக் காற்றோடு நாள் முழுக்கக் காலியாக ஓட்டினால் டயரின் நடுப்பகுதி மட்டும் தேயும், வண்டியும் கூடுதலாகக் குதிக்கும்.

கடைசியாக என் தீர்ப்பு. ஷோரூமுக்குப் போகும் முன் ஒரு வாரத்தின் வேலையைத் தாளில் எழுதுங்கள்: எந்த நாள் எத்தனை கிலோ, எத்தனை ஆள், எவ்வளவு தூரம், இரவு வண்டி எங்கே நிற்கும். அந்த ஏழு நாளில் மிகச் சாதாரணமான நாளுக்குப் பொருந்துகிற வண்டியை வாங்குங்கள். எப்போதோ வரும் அரை ப்ராஸ் மணலுக்கு மார்க்கெட் யார்டு பக்கம் டெம்போ வாடகைக்குக் கிடைக்கும், அதை அழையுங்கள். வண்டியைத் தினமும் ஓட்டப்போவது வேறு ஆள் என்றால், முன்பணம் கட்டும் முன் அவரையும் கூட்டிப்போய் ஓட்டச் சொல்லுங்கள். இருக்கையும் கிளட்சும் அவருக்குத்தான் ஒத்துப்போக வேண்டும்.